பழைய வீட்டுக் குளியலறை: நாமே உடைப்பதா, ஆளிடம் விடுவதா?

எங்கள் குடும்பத்தில் மூன்று பழைய வீடுகள் இருக்கின்றன. கும்பகோணத்தில் நான் இருப்பது, பாபநாசம் பக்கத்துக் கிராமத்தில் அம்மா இருப்பது, தஞ்சாவூரில் அக்கா இருப்பது. 2021க்கும் 2024க்கும் இடையில் மூன்றிலும் குளியலறையைப் புதுப்பித்தோம். அளவு மூன்றுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான், ஐந்தடிக்கு ஏழடி. என் வீட்டில் நானே செய்தேன். அம்மா வீட்டில் பொருளை நாங்கள் வாங்கிக் கொடுத்துக் கூலிக்கு ஆள் வைத்தோம். அக்கா வீட்டில் மொத்தமாக ஒப்பந்தக்காரரிடம் விட்டுவிட்டார்கள்.

இதனால் தெருவில் யார் வீட்டுச் சுவர் பொரிந்தாலும் என்னிடம் வந்து கேட்கிறார்கள். கொத்தனார் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் கேட்கிற தொகை மலைக்க வைக்கிறது, கடையிலோ எல்லாப் பொருளும் அடுக்கி வைத்திருக்கிறது. காணொளியைப் பார்த்து நாமே செய்துவிடக் கூடாதா என்பதுதான் அவர்கள் கேள்வி.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டைல்ஸுக்கு அடியில் போய் மூடப்படுகிற எந்த வேலையிலும் நாம் தொழில் பழகக் கூடாது. டைல்ஸுக்கு மேலே கண்ணுக்குத் தெரிகிறவற்றை நாமே செய்யலாம். பலவற்றை நாம் செய்தால்தான் நன்றாகவும் இருக்கும். பன்னிரண்டு டைல்ஸை உடைத்தெடுத்துப் பெற்ற ஞானம் இது.

## பழைய வீடு என்பதால் என்ன மாறுகிறது

புது வீட்டில் சுவர் நேராக இருக்கும், குழாய் எங்கே போகிறது என்று யாருக்காவது தெரிந்திருக்கும். பழைய வீட்டில் இரண்டும் கிடையாது. என் வீட்டுச் சுவரில் தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தபோது ஏழடி உயரத்தில் ஓர் அங்குலம் சாய்ந்திருந்தது. சுண்ணாம்புக் காரையில் கட்டிய சுவர் அது. சம்மட்டியால் ஓர் அடி அடித்தால் அடித்த இடம் மட்டும் உதிராது; பக்கத்தில் இரண்டு செங்கல்லும் அசையும்.

குழாய் பதிக்கச் சுவரில் காடி (நீளப் பள்ளம்) எடுப்பதற்குக் கட்டுமான விதி ஒரு வரம்பு வைத்திருக்கிறது. மேலிருந்து கீழாக எடுக்கும் காடி சுவர்க் கனத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. படுக்கை வாக்கில் ஆறில் ஒரு பங்கு. ஒன்பது அங்குலச் சுவரில் இது மூன்று அங்குலமும் ஒன்றரை அங்குலமும். ஆனால் தாழ்வாரத்தின் ஓரத்தில் பிற்பாடு சேர்த்துக் கட்டிய குளியலறைகளில் பெரும்பாலும் நாலரை அங்குலச் சுவர்தான் இருக்கும். அதில் படுக்கை வாக்கில் முக்கால் அங்குலத்துக்கு மேல் எடுக்க இடமில்லை. முக்கால் அங்குலத்தில் எந்தக் குழாயை ஒளித்து வைப்பது? அப்படிப்பட்ட சுவரில் புதுக் குழாயைச் சுவருக்கு வெளியிலேயே கவ்விகள் போட்டு ஓட்டிவிடுவது நல்லது. பார்க்க அழகில்லைதான். ஆனால் கசிந்தால் அன்றே தெரியும்.

சுவருக்குள் இருக்கும் பழைய ஜி.ஐ. குழாய் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) வெளியே திடமாகத் தெரியும். உள்ளே துரு பிடித்து, அரை அங்குலத் துளை பென்சில் கனத்துக்குச் சுருங்கியிருக்கும். என் வீட்டில் பழைய குழாய்த் திருகைக் கழற்ற ரெஞ்சைப் போட்டுத் திருப்பினேன். திருகு வரவில்லை, சுவருக்குள் இருந்த முழங்கை மூட்டு முறிந்து வந்தது. இரவு எட்டு மணி. மொட்டை மாடித் தொட்டியின் கேட் வால்வை மூட ஓடினால், பல வருடம் யாரும் தொடாமல் அது இறுகிப் போயிருந்தது. தொட்டியில் இருந்த தண்ணீர் அத்தனையும் தாழ்வாரத்தில் இறங்கிய பிறகுதான் நின்றது. எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் முதல் வேலை அந்த வால்வை மூடித் திறந்து பார்ப்பதுதான்.

இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை. பழைய வீடுகள் சிலவற்றில் மின்சாரத்தின் நில இணைப்பை இரும்புத் தண்ணீர்க் குழாயிலேயே கட்டி வைத்திருப்பார்கள். அந்தக் குழாயை எடுத்துவிட்டு பிளாஸ்டிக் குழாய் போட்ட நிமிடமே வீட்டுக்கு நில இணைப்பு இல்லாமல் போகும். விளக்கு எரியும், மின்விசிறி சுற்றும், யாருக்கும் ஒன்றும் தெரியாது. கீசரில் மின்கசிவு ஏற்படும் நாளில்தான் தெரியும். இரும்புக் குழாயை மாற்றுகிறவர்கள் அதற்கு முன்பே உரிமம் பெற்ற மின்பணியாளரை அழைத்து நில இணைப்பு எங்கே போகிறது என்று பார்க்கச் சொல்ல வேண்டும். 30 மில்லி ஆம்பியர் மின்கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டித்துவிடும் ஆர்.சி.சி.பி. என்ற கருவி ஒன்றையும் போட்டுவிட வேண்டும்.

## முடிவெடுக்கும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை

உள்ளே என்ன கெட்டிருக்கிறது என்று தெரியாமல் எந்த வழி நல்லது என்று பேசிப் பயனில்லை. இந்தச் சோதனைகளுக்குச் செலவே கிடையாது.

ஒரு நாணயத்தை எடுத்துத் தரையிலும் சுவரிலும் டைல்ஸ் டைல்ஸாகத் தட்டிப் பாருங்கள். பொத்தென்று வெற்றொலி வருகிற டைல்ஸ் பிடிப்பை விட்டுவிட்டது. அதில் சுண்ணக்கட்டியால் குறி போடுங்கள். இரவு எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு மொட்டை மாடித் தொட்டியின் நீர்மட்டத்தைக் குறித்துக்கொண்டு, காலையில் குறைந்திருக்கிறதா என்று பாருங்கள். கமோடின் ஃப்ளஷ் தொட்டியில் துணிக்குப் போடும் நீலத்தைக் கொஞ்சம் கரைத்து, அரை மணி நேரம் யாரும் தண்ணீர் இழுக்காமல் விடுங்கள். கோப்பையில் நீலம் இறங்கியிருந்தால் கோளாறு தொட்டியின் உள்வால்விலோ வாஷரிலோதான் இருக்கிறது. அதை மாற்றச் சில நூறு ரூபாய் போதும்.

வெளியே சேம்பர் (கழிவுக் குழாய் வந்து சேரும் தொட்டி) மூடியைத் திறந்து வைத்து, உள்ளே நீர் இறங்கும் இடத்தில் இரண்டு வாளி நீலத் தண்ணீரை ஊற்றுங்கள். சீக்கிரமாகவும் முழுதாகவும் வந்து சேர்ந்தால் கழிவுக் குழாய் பிழைத்திருக்கிறது. தயங்கித் தயங்கிப் பாதி வந்தால், மண்குழாய் மூட்டுகளில் முருங்கையோ வேம்போ வேர் விட்டிருக்கலாம். ஓதம் அடித்த சுவரின் பூச்சில் ஓரடிப் பாலித்தீன் தாளை நான்கு பக்கமும் ஒட்டி இரண்டு நாள் விட்டுவைத்தால், நீர்த்துளி தாளின் உட்பக்கம் கட்டுகிறதா வெளிப்பக்கம் கட்டுகிறதா என்று தெரியும். உட்பக்கம் என்றால் சுவரே ஈரமாக இருக்கிறது. வெளிப்பக்கம் என்றால் காற்றோட்டம் போதவில்லை. ஒரு வெளியேற்று விசிறி அதைத் தீர்த்துவிடும், எதையும் உடைக்கத் தேவையில்லை.

## எதை வைத்து எடைபோடுவது

வீட்டில் இருப்பது இந்த ஒரே குளியலறையா என்பதுதான் என்னைப் பொறுத்தவரை முதல் கேள்வி. இன்னொன்று கொல்லையில் இருந்தால் ஏழு வாரம் இழுத்தாலும் தாங்கும். இல்லையென்றால் ஏழு நாளே பெரிது. இரண்டாவது, கீழே யார் இருக்கிறார்கள் என்பது. தரைத்தளத்தில் கசிந்தால் மண்ணுக்குள் போகும், மாடியில் கசிந்தால் இன்னொருவர் தலையில் விழும். மூன்றாவது, ஆறு மாதம் கழித்து ஒழுகினால் யாரைக் கூப்பிடுவது? நான்காவதாகப் பணத்தை வைக்கிறேன். கேட்கிற விலையும் கடைசியில் கொடுக்கிற விலையும் வேறு வேறு என்பதை மூன்று வீட்டிலும் பார்த்துவிட்டேன். யார் பயன்படுத்தப் போகிறார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். முட்டி வலிக்கிற அம்மாவுக்கான குளியலறையும் இரண்டு கல்லூரிப் பிள்ளைகளுக்கானதும் ஒன்றல்ல.

யார் செய்தாலும் குறைக்க முடியாத நாட்களும் உண்டு. பூச்சுக்கு ஏழு நாளாவது தண்ணீர் காட்ட வேண்டும். நீர்த்தடுப்புப் பூச்சு இரண்டு கை, நடுவில் காய நேரம். பிறகு தரையில் தண்ணீர் கட்டி 48 மணி நேரம் விட்டுப் பார்ப்பது. டைல்ஸ் ஒட்டி ஒரு நாள், இடுக்கு நிரப்பி ஒரு நாள். எவ்வளவு கெட்டிக்காரர் செய்தாலும் இரண்டு வாரம் ஆகிவிடும். ஐந்து நாளில் முடித்துத் தருகிறேன் என்று சொல்பவர் இவற்றில் எதையோ விட்டுவிடப் போகிறார்.

## வழி ஒன்று: முழுவதும் நாமே

கல்லூரியில் முக்கோணவியல் நடத்துகிறவனுக்குத் தரை வாட்டம் ஒரு கணக்கா என்று நினைத்துத்தான் இறங்கினேன். அறுபதுக்கு ஒன்று என்று வைத்தால் ஏழடிக்கு ஒன்றரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. தாளில் சரியாக வந்தது. தரையில், வாசற்படிப் பக்கம் இரண்டடிக்கு வாட்டம் எதிர்த்திசையில் போய்விட்டது. குளித்து முடித்தால் தண்ணீர் தாழ்வாரத்துக்கு வந்து நலம் விசாரித்தது. பன்னிரண்டு டைல்ஸை எடுத்துவிட்டுக் கொத்தனாரை வைத்துத் திரும்பப் போட்டேன். மட்டப்பலகையை ஓர் இழுப்பு இழுத்துவிட்டு, "ரசமட்டம் எதுக்கு சார், கைக்குத் தெரியும்" என்றார் அவர். அந்தக் கையை விலைக்கு வாங்க முடியாது.

மறைந்திருந்த செலவுகள் வேறு. வெட்டும் இயந்திரம், டைல்ஸ் வெட்டும் பலகை, பல் வைத்த கரண்டி, ரசமட்டம் என்று கருவிகளுக்கு மட்டும் 9,500 ரூபாய். உடைக்கும் இயந்திரத்துக்கு மூன்று நாள் வாடகை 2,400. இடிபாட்டைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. நான்கு அங்குலத் தரை, சுற்றிலும் ஓர் அங்குலக் காரை என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்: 24 கன அடி, ஏறக்குறைய 1,200 கிலோ. சாக்குக்கு 25 கிலோ என்றால் ஐம்பது சாக்கு. முற்றம், ரேழி, திண்ணை தாண்டித் தெருவுக்குத் தூக்கி வந்தவன் நான்தான். மூன்றாம் நாளிலிருந்து பிள்ளைகள் உதவிக்கு வருவதை நிறுத்திக்கொண்டார்கள்.

பொருளுக்கு 58,000, திரும்பச் செய்ததற்கு 11,000, மின்பணியாளருக்கு 3,000 (அந்த வேலையை மட்டும் நான் தொடவில்லை) எல்லாம் சேர்த்து 83,900 ரூபாய். பத்து நாள் விடுப்பில் முடிப்பதாகத் திட்டம். சனி, ஞாயிறுகளையும் சேர்த்து ஏழு வாரம் ஆயிற்று.

இருந்தாலும் இந்த வழியை நான் ஒதுக்கித் தள்ளவில்லை. கொல்லையில் இன்னொரு குளியலறை இருக்கிறது, தரைத்தளம், அவசரம் இல்லை, கைவேலையில் விருப்பமும் உண்டு என்றால் செய்து பார்க்கலாம். என் வீட்டில் டைல்ஸ் இடுக்குகள் இருக்கிற ஒழுங்கில் எந்தக் கூலியாளும் போட்டிருக்க மாட்டார். இதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமில்லை. ஆனால் தரை வாட்டம், கழிவுக் குழாய், மின்சாரம் மூன்றையும் விலக்கிவிடுங்கள். பழைய கூரைக் குழாயோ காற்றுக் குழாயோ கல்நாரில் (ஆஸ்பெஸ்டாஸ்) செய்ததாக இருந்தால் அதை இயந்திரம் வைத்து அறுக்காதீர்கள். அந்தத் தூசி நுரையீரலில் போய்த் தங்கிவிடும்.

## வழி இரண்டு: பொருள் நம்முடையது, கூலி அவர்களுடையது

அம்மா வீட்டில் இப்படித்தான் செய்தோம். கொத்தனாருக்கு நாள் கூலி 1,100 வீதம் பதினோரு நாள், சித்தாளுக்கு 700 வீதம் ஒன்பது நாள், பிளம்பருக்கு மொத்தமாக 12,000, டைல்ஸ் ஒட்டுபவருக்குச் சதுர அடிக்கு 45 வீதம் 185 சதுர அடி. கூலி 39,000 ரூபாயை ஒட்டி வந்தது. பொருள் 64,000, இடிபாடு அகற்ற 4,500, மின்வேலை 3,500. ஆக ஏறத்தாழ 1,11,000. பதினேழு நாளில் முடிந்தது.

இந்த வழியின் பெரிய லாபம் மூடுவதற்கு முன் பார்க்க முடிவது. கொத்தனார் வயதானவர், சுண்ணாம்பில் கைபழகியவர். உதிர்ந்த காரையைச் சுரண்டி, செங்கல் இடுக்குகளை உளியால் ஆழப்படுத்தி, சுவரை ஒரு நாள் முழுக்க நனைத்து, கோழிவலை அடித்துவிட்டுத்தான் பூசினார். சிமெண்டை அள்ளிக் கொட்டிக் கெட்டியாகப் பூசச் சொன்ன என்னை அவர்தான் தடுத்தார். மென்மையான சுவரில் கெட்டியான பூச்சு ஒட்டாது, பாளம் பாளமாகக் கழன்றுவிடும் என்றார். சுவரின் வெளிப்பக்கம் சுண்ணாம்பு அடித்தபடியே இருக்கட்டும், பெயிண்ட் வேண்டாம் என்று சொன்னதும் அவர்தான். உள்ளே டைல்ஸ் போட்டு அடைத்துவிட்டால் சுவரின் ஈரம் வெளிப்பக்கமாகத்தான் போக வேண்டும். அதையும் அடைத்தால் உப்பாகப் பூத்துச் செங்கல்லையே தின்றுவிடும்.

கமோடு வைப்பதில் ஒரு சிக்கல் வந்தது. அம்மாவின் வசதிக்காகப் படுக்கையறைச் சுவரை ஒட்டி வைக்க நினைத்தோம். அங்கிருந்து சேம்பர் இருபதடி. நான்கு அங்குலக் கழிவுக் குழாய்க்கு நாற்பதுக்கு ஒன்று வாட்டம் என்றால் ஆறு அங்குலம் இறங்கியாக வேண்டும். பழைய சேம்பரில் அந்த ஆழம் இல்லை. ஆழப்படுத்தினால் செப்டிக் டேங்க்கின் வாயும் மாற வேண்டும். கடைசியில் கமோடை எதிர்ச் சுவருக்கு மாற்றினோம். தூரம் பன்னிரண்டடியாகக் குறைந்தது, வாட்டம் மூன்றரை அங்குலத்துக்குச் சற்று மேலாக அடங்கிவிட்டது. ஒப்பந்தக்காரர் செய்திருந்தால் இருபதடியையே படுக்கையாகப் போட்டு மூடிவிட்டுப் போயிருப்பாரோ என்று எனக்கு இப்போதும் சந்தேகம்.

குழாய் பதித்த பிறகு பிளம்பரிடம் அழுத்தச் சோதனை செய்யச் சொல்லி, இரவு முழுக்க விட்டு, காலையில் அழுத்தமானியின் முள் இறங்கவில்லை என்று பார்த்த பின்புதான் மூடினோம். மூடுவதற்கு முன் அளவுநாடாவைச் சுவரில் ஒட்டிவைத்து நான்கு பக்கமும் படம் எடுத்துக்கொண்டேன். பிற்பாடு கைப்பிடிக் கம்பிக்குத் துளை போடும்போது அந்தப் படங்கள்தான் குழாயைக் காப்பாற்றின. கைப்பிடியைப் பற்றி ஒரு வார்த்தை: சுண்ணாம்புச் சுவரில் சாதாரண பிளாஸ்டிக் கட்டை அடித்துத் திருகினால், பெரியவர் ஒருவர் தடுமாறிப் பிடிக்கும் நாளில் கையோடு வந்துவிடும். சுவரைத் துளைத்து மறுபக்கம் தகடு வைத்து முடுக்கினோம்.

இனி இதன் குறைகள். நீங்கள்தான் மேற்பார்வையாளர், வண்டிக்காரர், கணக்குப்பிள்ளை. காலை எட்டரை மணிக்கு ஓர் இணைப்பு குறைகிறது என்பார்கள். ஐம்பது ரூபாய்ப் பொருளுக்காக நான்கு பேர் உட்கார்ந்திருப்பார்கள். பாபநாசத்துக்கும் கிராமத்துக்கும் ஒரே நாளில் ஐந்து முறை போய் வந்திருக்கிறேன். நாள் கூலி என்றால் வேலை மெதுவாக நகரும். நடுவில் முகூர்த்த நாள் வந்தால் கொத்தனார் வர மாட்டார். அலுவலகத்தில் விடுப்புக் கிடைக்காதவர்கள், வீட்டில் நின்று பார்க்க ஆள் இல்லாதவர்கள் இந்த வழியில் இறங்கினால் இரண்டு பக்கத்துத் துன்பமும் சேரும்.

டைல்ஸை நாமே வாங்கும்போது கவனிக்க ஒன்று. கடையில் இருப்பவற்றில் பெரும்பகுதி குஜராத்தின் மோர்பியிலிருந்து வருகிறது. ஒரே வடிவமாக இருந்தாலும் சுடும் தொகுதிக்குத் தொகுதி நிறம் மாறும். எல்லாப் பெட்டியிலும் தொகுதி எண்ணும் நிற எண்ணும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். பழைய வீட்டின் கோணல் மூலைகளில் வெட்டுத் துண்டு அதிகம் விழும். பத்து சதவீதம் கூடுதல் போதாது, பதினைந்து வாங்குங்கள். ஒரு பெட்டியைப் பரணில் போட்டு வையுங்கள்.

## வழி மூன்று: மொத்த ஒப்பந்தம்

அக்கா வீடு கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகிற வீடு. 1,35,000 ரூபாய்க்குப் பேசினார்கள், 1,68,000 ஆயிற்று. பதினைந்து நாள் என்றார்கள், இருபத்தாறு நாள் ஆயிற்று. ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். பேசியபோது கேட்காமல் விட்டவைதான் கூடின. டைல்ஸுக்குச் சதுர அடிக்கு இவ்வளவு என்று ஒரு வரம்பு எழுதியிருந்தது; அக்காவுக்குப் பிடித்தது எல்லாம் அதற்கு மேலேயே இருந்தது. இடிபாடு அகற்றுவது தனி. கதவு தனி. கீசர் மாட்டுவது தனி. தரையைத் தோண்டியபோது மண்குழாய் உடைந்திருந்தது தெரிந்தது. அது கூடுதல் வேலை.

மாமா ஒரு காரியம் சரியாகச் செய்தார். தொகையில் பதினைந்தாயிரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு, தரையில் தண்ணீர் கட்டிப் பார்த்த பிறகுதான் தருவேன் என்று முதலிலேயே எழுதி வாங்கினார். இரண்டாம் நாள் காலையில் வெளிச்சுவரின் அடியில் ஈரம் தெரிந்தது. டைல்ஸ் போடுவதற்கு முன்பே தெரிந்ததால் நீர்த்தடுப்பை மட்டும் திரும்பச் செய்தார்கள். அந்தப் பணம் மாமா கையில் இல்லாமல் இருந்திருந்தால் யார் திரும்பி வந்திருப்பார்கள்?

ஒப்பந்தத்தில் எனக்குள்ள பெரிய தயக்கம் வேறு. புதுக் கட்டடங்களில் பழகிய குழுக்களுக்குச் சுண்ணாம்புச் சுவர் தெரியாது. அக்கா வீட்டில் கெட்டியாகப் பூசிய பூச்சு ஓராண்டில் கதவுச் சட்டத்தை ஒட்டி விரிந்துவிட்டது. ஒப்பந்தம் பேசுகிறவர்கள் விலையைக் கேட்கும் முன், ஒப்பந்தக்காரர் கடைசியாக வேலை செய்த பழைய வீடு ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள்.

மாடிக் குளியலறை என்றால் மட்டும் நான் தயக்கமில்லாமல் இந்தப் பக்கம் சாய்வேன், அதுவும் பொறியாளர் ஒருவர் பார்த்த பிறகு. மரக்கட்டைகளின் மேல் செங்கல் அடுக்கிய மெட்ராஸ் டெரஸ் தளத்தில் குளியலறை இருந்தால், சுவருக்குள் நுழையும் கட்டை முனைகள் ஈரத்தில் மக்கியிருக்கக்கூடும். அந்தத் தளத்தின் மேல் இயந்திரம் வைத்து உடைக்கத் தொடங்கும் முன் கீழே இருந்து கட்டைகளைப் பார்த்தாக வேண்டும்.

## வழி நான்கு: உடைக்காமல் ஒப்பேற்றுவது

இதைச் சொன்னால் சிலர் முகம் சுளிக்கிறார்கள். ஆனால் பாகம் பிரியாத வீட்டில் இருப்பவர், வாடகைக்கு இருப்பவர், இரண்டு வருடத்தில் விற்கப் போகிறவர் ஒன்றரை லட்சத்தைத் தரைக்குள் புதைப்பது எதற்கு? நாணயச் சோதனையில் டைல்ஸ் எல்லாம் திடமாக இருந்து, நீலச் சோதனையில் குழாயும் தேறிவிட்டால், பழைய இடுக்குகளைச் சுரண்டி எபாக்சி என்ற பிசின் கலவையை நிரப்பலாம். பழைய ஜி.ஐ. குழாயைச் சுவருக்குள் செத்தபடியே விட்டுவிட்டு வெளியே சி.பி.வி.சி. என்ற பிளாஸ்டிக் குழாயை ஓட்டலாம். குழாய்களையும் கமோடின் தொட்டியையும் மாற்றலாம். இருபது, இருபத்தைந்தாயிரத்தில் நான்கைந்து வருடம் ஓட்டிவிடலாம். இதில் பெரும்பாலானவற்றை நாமே செய்யலாம் என்பது கூடுதல் வசதி.

பழைய டைல்ஸின் மேலேயே புது டைல்ஸ் ஒட்டுவதும் இந்த வகைதான். தரை அரை அங்குலத்துக்கு மேல் உயரும். வாசற்படியைவிடத் தரை மேலே வந்துவிடுமா, கதவு தட்டுமா, நீர் இறங்கும் இடம் பள்ளமாகிவிடுமா என்று பார்த்துவிட்டுத்தான் இறங்க வேண்டும். ஓதம் அடித்த சுவரில் இதைச் செய்யவே வேண்டாம்.

## நான்கையும் பக்கத்தில் வைத்தால்

| | நாமே | கூலி ஆள் | மொத்த ஒப்பந்தம் | ஒப்பேற்றுவது |
|---|---|---|---|---|
| எங்களுக்கு ஆன செலவு | 83,900 | 1,11,000 | 1,68,000 | செய்து பார்க்கவில்லை. 20,000–25,000 ஆகலாம் |
| நாட்கள் | ஏழு வாரம் | 17 | 26 | மூன்று, நான்கு |
| மறைந்த செலவு | கருவி, திருத்தம், உடம்பு | நம் நேரம், கடைக்கு அலைச்சல் | "தனி" என்ற சொல் | சில வருடத்தில் மறுபடி |
| ஒழுகினால் பொறுப்பு | நாம் | ஆளுக்கு ஆள் கைகாட்டுவார்கள் | பணம் பிடித்து வைத்திருந்தால் அவர் | நாம் |
| மூடும் முன் பார்க்க முடியுமா | ஆம் | ஆம் | நின்று பார்த்தால் மட்டும் | மூடுவதே இல்லை |
| யாருக்குப் பொருந்தும் | இரண்டாவது குளியலறை உள்ளவர் | வீட்டில் நிற்க ஆள் உள்ளவர் | மாடி, அவசரம், வேலைக்குப் போகிறவர் | வாடகை, பாகம் பிரியாத வீடு |

## எந்த வேலை யார் கையில்

மறுபடி ஒரு குளியலறை செய்தால் நான் இரண்டாவது வழியைத்தான் எடுப்பேன், ஆனால் சில வேலைகளைப் பிரித்து என்னிடம் வைத்துக்கொள்வேன். பழைய பொருட்களைக் கழற்றுவது, சுவர்க் காரையைச் சுரண்டுவது, இடுக்கு நிரப்புவது, கண்ணாடி, அலமாரி, குழாய்த் திருகுகள் மாட்டுவது, கதவுக்கு வண்ணம் அடிப்பது. சுவர் டைல்ஸையும் சேர்த்துக்கொள்வேன். அதில் தவறினால் கண்ணுக்குத் தெரியும், ஒன்றிரண்டைப் பெயர்த்து மாற்றலாம். தரை, குழாய், நீர்த்தடுப்பு இவற்றின் பக்கம் கரண்டியோடு போக மாட்டேன். நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்ப்பேன்.

செப்டிக் டேங்க் அடைத்திருந்தால் அது எந்த வழியிலும் சேராது. உள்ளே ஆளை இறக்கிச் சுத்தம் செய்யச் சொல்வது, கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். உள்ளே தேங்கும் வாயு ஒரே மூச்சில் உயிரைக் குடித்துவிடும். உறிஞ்சும் லாரியை வரவழைத்து, குளியலறை வேலை தொடங்கும் முன்பே அதை முடித்துவிட வேண்டும்.

கடைசியாக, எப்போது தொடங்குவது என்பது. ஐப்பசி, கார்த்திகையில் டெல்டாவில் எதுவும் காயாது. தை பிறந்தால் கொத்தனார்கள் புது வீட்டு வேலைகளுக்குப் போய்விடுவார்கள். ஆடியில் புது மனை போடுவோர் குறைவு. அம்மா வீட்டு வேலையை ஆடி இரண்டாம் வாரத்தில் எடுத்தோம். "ஆடியில் போய் யாராவது கடப்பாரையை எடுப்பார்களா?" என்று பக்கத்து வீட்டில் கேட்டார்கள். வீடு புதிது அல்லவே, கக்கூஸ்தானே மாற்றுகிறோம் என்று அம்மாவே பதில் சொல்லி அனுப்பிவிட்டார்.